ஆர்டிஸுக்கு ஒத்துக்கொள்ளாத மீன்

எங்கள் ஊர்க்காரன் எவனிடமும் "அலர்ஜி ஏதாவது உண்டா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "லூட்டஃபிஸ்க்." சொன்னவன் சிரிப்பான். கேட்டவரும் சிரிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள், கல்யாணமான நாளிலிருந்து கேட்டுப் புளித்துப்போனவள். மினசோட்டாவில் இருக்கும் எங்கள் ஹெக்லண்டில் இது ஒரு மரியாதை. வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்கிறோம் அல்லவா, அப்படி.

லூட்டஃபிஸ்க் என்றால், காய்ந்த காட் மீனைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டு, நாள்கணக்கில் அலசி, வேகவைத்து, வெண்ணெயை உருக்கி ஊற்றித் தின்பது. ஆமாம், சாக்கடை அடைத்துக்கொண்டால் ஊற்றுகிறோமே, அதே காஸ்டிக் சோடாதான். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பசிக்குத் தின்றார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகளான நாங்கள் பெருமைக்குத் தின்கிறோம். ஒவ்வொரு நவம்பரிலும் லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் அதற்கென்றே ஒரு விருந்து நடக்கும். சமையலறைப் பொறுப்பு என்னுடையது. தபால் போடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அது. அந்த மீனை யார் கேலி செய்தாலும் எனக்குக் கோபம் வராது. கேலி எது என்று தெரியாதவர்கள் ஊரை ஆள வந்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லான்டர்ன்வே கம்பெனியைச் சொல்கிறேன். முதலில் எங்கள் ஊர் மருந்துக்கடையை வாங்கினார்கள். பிறகு கிளினிக்கை வாங்கினார்கள். போன வருஷம் ஆஸ்பத்திரியையும் வாங்கினார்கள். மூன்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர். அதற்கு மேய்ப்பன் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஊரில் வந்து, கர்த்தரைச் சொல்கிற அந்தப் பெயரை ஒரு மெஷினுக்கு வைக்கத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். முன்பு கடை வைத்திருந்த லாயிட் ஒன்றும் உத்தமன் இல்லை. ஒருமுறை என் நாய்க்கு எழுதிய களிம்பை பாஸ்டருக்குக் கொடுத்தனுப்பிவிட்டான். ஆனால் பாஸ்டர் திரும்பி வந்து சத்தம் போட்டபோது, அதை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு முகம் இருந்தது.

என் பக்கத்து வீட்டு ஹாலிஸ் ட்வெய்ட்டன் பீட்ரூட் லாரி ஓட்டியவன், சர்க்கரை ஆலைக்குப் போகிற வெள்ளை பீட்ரூட். அவன் மனைவி ஆர்டிஸ், பழைய ராணுவக்காரர்களின் லீஜன் மன்றத்தில் வெள்ளிக்கிழமை பிங்கோ ஆட்டத்துக்கு எண் கூப்பிடுகிறவள். மைக் வேண்டாம் அவளுக்கு. வாயைத் திறந்தால் நம் காபி ஆறிப்போகும், அவ்வளவு பேசுவாள். அவள் இதயத்தில் ஒரு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அமைதியான அறையில் அவள் வாயைத் திறந்தால் டிக் டிக்கென்று கேட்கும். "என் பொண்டாட்டி எங்க இருக்கான்னு நான் தேடவே வேண்டாம்" என்பான் ஹாலிஸ். அந்த வால்வில் ரத்தம் உறைந்து கட்டிவிடாமல் இருக்க, தினமும் சாயங்காலம் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மாத்திரை. பெயர் வார்ஃபரின். அதை விட்டால் கட்டி கிளம்பி மூளைக்குப் போகும். இது ஹாலிஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், லீஜன் மன்றத்தில் பீர் ஊற்றுகிறவனுக்கும் தெரியும்.

அக்டோபரில் ஃப்ளூ ஊசி போட மூவரும் மருந்துக்கடைக்குப் போனோம். இப்போதெல்லாம் ஆளிடம் போகக் கூடாது. வாசலில் நிற்கும் திரைதான் முதலில் விசாரிக்கும். ஆர்டிஸ் கண்ணாடியைக் காரில் விட்டு வந்திருந்தாள். எனவே ஹாலிஸ் முன்னால் போய் நின்றான்.

"வணக்கம். திருமதி ஆர்டிஸ் ட்வெய்ட்டன் அவர்களுக்கு ஏதேனும் ஒவ்வாமை உள்ளதா?" என்றது மேய்ப்பன்.

"லூட்டஃபிஸ்க்" என்றான் ஹாலிஸ்.

"அதன் தீவிரம் என்ன?"

"எங்கம்மா பண்ணதுன்னா, செத்தே போவா."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். "முப்பத்தெட்டு வருஷமா இதே ஜோக்" என்றாள் ஆர்டிஸ். "மூக்குக் கண்ணாடி எங்க வச்சோம்னு மறக்குது, குப்பை எடுத்து வைக்க மறக்குது. இத மட்டும் மறக்க மாட்டேங்குது இந்த மனுஷனுக்கு."

"தெரிவித்தமைக்கு நன்றி. உங்கள் பாதுகாப்பே எங்கள் பிரார்த்தனை" என்றது மேய்ப்பன்.

நவம்பர் பிறந்ததும் ஆர்டிஸின் மாத்திரை டப்பா காலியாகிக்கொண்டு வந்தது. மறுபடி வாங்கப் போனார்கள். கூட நானும் போனேன், எனக்குத் தைராய்டு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. கவுன்ட்டரில் மருந்தாளர் கிரெட்சன். நல்ல பெண், ஆறு வருஷம் படித்துவிட்டு இப்போது திரையைப் பார்த்து வாசிக்கும் வேலை செய்கிறாள். திரையைப் பார்த்தாள். ஆர்டிஸைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஹாலிஸ், மாத்திரை தர விட மாட்டேங்குது. ஆர்டிஸுக்கு சோடியம் அலர்ஜி, உயிருக்கே ஆபத்துன்னு போட்டிருக்கு."

ஆர்டிஸ் அந்த நேரத்தில் உப்புக்கடலை தின்றுகொண்டிருந்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டு, "யாருக்கு?" என்றாள்.

கிரெட்சன் திரையைத் திருப்பிக் காட்டினாள். லூட்டஃபிஸ்க் என்றால் காஸ்டிக் சோடா. காஸ்டிக் சோடா என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு. அதில் இருப்பது சோடியம். மாத்திரையின் முழுப்பெயர் வார்ஃபரின் சோடியம். ஆகவே மாத்திரை தந்தால் ஆர்டிஸ் செத்துப்போவாள், செத்துப்போவாள் என்று கணவரே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் பச்சை டிக் இருந்தது.

"அடப்பாவி, அது ஜோக்கு" என்றான் ஹாலிஸ்.

"எனக்குத் தெரியும். எங்கப்பாவும் இதத்தான் சொல்வார்."

"அப்ப அழிச்சுடு."

"அலர்ஜிய யாரு வேணா சேக்கலாம், ஹாலிஸ். எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. நான் மீறி அழுத்தினா என் பேருக்குப் பக்கத்துல மஞ்சப் புள்ளி விழும். சரி, விழட்டும், இருக்கற புள்ளியோட அதுவும் ஒண்ணு. ஆனா உயிராபத்துன்னு போட்டுட்டா மருந்து அலமாரியே திறக்காது. மாத்திரைய எண்ணித் தர்றது ரோபோ. எங்கிட்ட சாவிகூட கிடையாது."

"வேற மாத்திரை?" என்று நான் கேட்டேன்.

"வேற ஒண்ணு சிபாரிசு பண்ணுது. ஆனா உலோக வால்வு இருக்கறவங்களுக்கு அது ஆகாது."

"அது உங்க மேய்ப்பனுக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்த மாத்திரைய அழுத்தினா அதுக்குத் தனியா எச்சரிக்கை வரும்."

"ரத்தம் உறையாம இருக்க ஊசி இருக்கே?"

"அதுலயும் சோடியம்."

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். அவனுக்குக் கோபம் வந்தால் அவ்வளவுதான் செய்வான். "தீவனக் கடைல எலி விஷம்னு இதே சரக்க வாளி வாளியா வச்சு விக்கறான். எலிகிட்ட எவனாவது அலர்ஜி உண்டான்னு கேட்டானா?"

"ஹாலிஸ், அத மட்டும் கொடுத்துடாதீங்க."

"கொடுக்கல. வயித்தெரிச்சல்ல சொல்றேன்."

வீடு போய்ச் சேருவதற்குள் ஆர்டிஸின் போனில் ஒரு செய்தி வந்துவிட்டது. தவிர்க்க வேண்டியவை: உப்பு, சமையல் சோடா, சோப்பு, பற்பசை, கடல், வியர்வை, கண்ணீர்.

"கடலுக்கு நான் என்னிக்குப் போனேன்" என்றாள் ஆர்டிஸ். மினசோட்டாவிலிருந்து கடல் எந்தப் பக்கம் போனாலும் இரண்டு நாள் பயணம்.

கிளினிக் டாக்டரிடம் போனார்கள். அவர் தம் திரையில் வார்ஃபரின் என்று அடித்தார், சிவப்பாகி அழிந்தது. இன்னொரு தடவை அடித்தார். "எழுத விட மாட்டேங்குதே" என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, உதவி எண் ஒன்றைக் கொடுத்தார்.

அந்த எண்ணுக்கு ஹாலிஸ் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்துதான் போன் செய்தான், ஆர்டிஸ் பயப்படக் கூடாதென்று.

"புதிய ஒவ்வாமை ஏதேனும் உள்ளதா?" என்றது குரல்.

"புதுசு இல்ல. பழச எடுக்கணும்."

"புதிய ஒவ்வாமை இல்லை. பழையவை தொடரும். நன்றி."

வைத்துவிட்டது. ஹாலிஸ் மறுபடி கூப்பிட்டான். நடுப்பகல்வரை கூப்பிட்டபின் உயிருள்ள ஒருவன் அகப்பட்டான். ஒவ்வாமை நீக்கக் குழுவில் வேலை பார்க்கிறவனாம். குழு என்றால் அவன்தான்.

"யாரு சேத்தாங்களோ அவங்கதான் சார் எடுக்கணும்."

"சேத்தது உங்க மெஷின்."

"இல்ல சார், சேத்தது நீங்க. மெஷின் கேட்டுச்சு, அவ்வளவுதான்."

"சரி, அப்ப நான் எடுக்கறேன்."

"நீங்க நோயாளி இல்லையே சார்."

"சேக்கறப்பவும் நான் நோயாளி இல்லையே, தம்பி."

"சேக்கறது பாதுகாப்பு. எடுக்கறது ஆபத்து. ரெண்டும் ஒண்ணாகுமா?"

அவன் இரண்டு வழி சொன்னான். மினியாபொலிஸில் ஒவ்வாமை நிபுணர் முன்னால் ஆர்டிஸ் அந்த மீனைச் சாப்பிட்டுக் காட்டலாம், பிப்ரவரியில் இடம் இருக்கிறது. அல்லது வீட்டிலேயே சாப்பிட்டு, கம்பெனி ஆப்பில் வீடியோ எடுத்து அனுப்பலாம். பத்து வேலை நாளில் பரிசீலிப்பார்கள். நடுவில் வேறு எங்காவது மருந்து கேட்டால் பரிசீலனை ரத்தாகிவிடும்.

"கிளம்பு, இப்பவே ஃபார்கோ போவோம்" என்றேன் நான். "ஆத்துக்கு அந்தப் பக்கம் இவனுங்க கடை கிடையாது. எவனாவது டாக்டர் ஒரு காயிதத்துல எழுதிக் கொடுப்பான்."

"ரத்தாயிடும்னு சொல்றானே, மார்லிஸ்" என்றான் ஹாலிஸ் என்னிடம்.

"ஆகட்டும்."

"எதுக்கு வம்பு. நம்ம தப்புதானே, ஜோக் அடிச்சது. அவங்க முறைப்படி செஞ்சுட்டா முடிஞ்சு போச்சு."

இதுதான் எங்கள் ஜனங்களைப் பிடித்த சனியன். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டாரின் தூக்கம் கெட்டுவிடுமோ என்று மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வருவார்கள். அன்றைக்கு ஆர்டிஸை நான் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. மிச்சமிருந்த மாத்திரைகளை ஹாலிஸ் கத்தியால் பாதி பாதியாக வெட்டி வைத்தான்.

சனிக்கிழமை சர்ச் விருந்து. வேகவைத்ததில் நல்ல துண்டாகப் பார்த்து நானே ஆர்டிஸின் தட்டில் வைத்தேன். மாமியார் இருந்தவரைக்கும் தொடாதவள், மாமியார் செத்தபின்பும் தொடாதவள். கீழ்த்தளமே எழுந்து வந்து அவள் மேஜையைச் சுற்றி நின்றது. ஹாலிஸ் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"உணவைக் காட்டவும்" என்றது ஆப்.

தட்டைக் காட்டினான்.

"இது உணவு அல்ல. உணவைக் காட்டவும்."

கீழ்த்தளம் முழுக்கச் சிரிப்பு. "மெஷினுக்கு நாக்கு இருக்குப்பா" என்றார் பாஸ்டர். சமைத்தவள் நான், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வெண்ணெய் ஊற்றிக் காட்டச் சொன்னேன். காட்டினான்.

"இது சலவைப் பொருள். உட்கொள்ள வேண்டாம். விஷ முறிவு மையத்தை அழைக்கவா?"

"இதுல ஒரு வாய் தின்னா நான் செத்துடுவேன்னு அதுக்குத் தெரியுது" என்றாள் ஆர்டிஸ். "இது என்னன்னு மட்டும் தெரியல."

கடைசியில் மீன் வந்த பெட்டியின் லேபிளைக் குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்துத் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்த பிறகு ஒப்புக்கொண்டது. ஆர்டிஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் விழுங்கினாள். அப்புறம் இன்னொன்று. வாயைத் திறந்து காட்டச் சொன்னது. திறந்தாள். அத்தனை பேரும் பேச்சை நிறுத்தியிருந்ததால், அந்த டிக் டிக் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"உன் அம்மா ஜெயிச்சுட்டா, ஹாலிஸ்" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. பிறகு தட்டில் இருந்ததை அவன் பக்கம் தள்ளிவிட்டு, எனக்கு நல்ல காபி கொண்டா என்றாள்.

பாதி மாத்திரைகளும் திங்கட்கிழமையோடு தீர்ந்தன.

இதற்கிடையில் ஊரில் இன்னொரு விஷயம் தெரியவந்தது. அக்டோபரில் ஃப்ளூ ஊசி போட வந்த அத்தனை ஆம்பிளைகளும் அந்தத் திரையிடம் அதே ஜோக்கைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சிலர் தமக்கு, சிலர் மனைவிக்கு, ஒருத்தன் தன் மாமியாருக்கு. ஒவ்வொருத்தராக மருந்து தீரத் தீர ஒவ்வொருத்தருக்கும் அலமாரி மூடிக்கொண்டது. என் தைராய்டு மாத்திரையும் சோடியமாம். நான் ஜோக்கே அடிக்கவில்லை, ஒரே வீட்டில் இருப்பதால் என் புருஷன் சொன்னது குடும்ப வரலாறு என்று ஏறிவிட்டது. கிரெட்சன் மேலிடத்துக்கு எழுதினாள், அவசரம் என்று தலைப்பிட்டு. மேலிடத்திலிருந்து யாராவது வருவார்கள் என்று பதில் வந்தது. வந்தார்கள், கேக்கோடு.

டிரெவர் கால்ட்வெல் என்று ஒரு துணைத் தலைவர். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சப்பாத்து, கூடவே ஒரு கேமராக்காரர். புதன்கிழமை காலையில், மருந்துக்கடைக்குள்ளேயே, விற்பனைக்கு வைத்த வாழ்த்து அட்டைகளுக்கும் பனி அள்ளும் மண்வெட்டிகளுக்கும் நடுவே நாற்காலி போட்டார்கள். எல்லோரும் வந்தோம். கேக்குக்காக இல்லை. பெரிய மனிதர் நேரில் வந்திருக்கிறார், சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்தோம். ஆர்டிஸ் நல்ல நீலச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

"நண்பர்களே" என்று டிரெவர் ஆரம்பித்தான். "இந்தச் சின்ன ஊர்ல, இத்தன வருஷமா, யாருக்குமே தெரியாம ஒரு பயங்கரமான நோய் இருந்திருக்கு. சோடியம் ஒவ்வாமை. நாட்டுலயே இவ்வளவு பேருக்கு ஒரே இடத்துல இருக்கறது இங்கதான். எந்த டாக்டரும் கண்டுபிடிக்கல. எந்த மருந்தாளரும் கண்டுபிடிக்கல. மேய்ப்பன் கண்டுபிடிச்சான்."

கேமராக்காரர் கை தட்டினார். எங்களில் இரண்டு மூன்று பேர் மரியாதைக்குத் தட்டினார்கள். நான் தட்டவில்லை.

"முன்னெல்லாம் என்ன பண்ணாங்க? மருந்தாளர் நோயாளியோட முகத்தப் பாத்து முடிவெடுத்தாங்க. முகம் பொய் சொல்லும். தகவல் பொய் சொல்லாது. நோயாளியே வந்து எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாக்கூட நாங்க நம்ப மாட்டோம். ஏன்னா நாங்க அவ்வளவு அக்கறையா இருக்கோம்." சுவரில் இருந்த திரையைக் காட்டினான். அதில் 'காப்பாற்றப்பட்ட உயிர்கள்' என்று போட்டு ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. "இந்த மாசம் இந்தக் கடைலேர்ந்து தப்பான மருந்து ஒண்ணுகூட வெளிய போகல. சில நாள் எந்த மருந்துமே வெளிய போகல. மருந்தே போகலைன்னா மருந்தால கெடுதல் எப்படி வரும்? இதத்தான் நாங்க பூஜ்யத் தீங்குன்னு சொல்றோம். உங்க ஊர்ல புகாரும் பூஜ்யம். புகார்ப் பக்கத்த இன்னும் நாங்க திறக்கலைங்கறது வேற விஷயம். ஆனா திறந்திருந்தாலும் நீங்க பண்ணியிருக்க மாட்டீங்க, அவ்வளவு நல்லவங்க நீங்க."

கேக்கை வெட்டப் போனார்கள். சோடியம் இல்லாத கேக்காம், சமையல் சோடா போடாமல் சுட்டது. கத்தி இறங்கவில்லை.

ஆர்டிஸ் காபிக் கோப்பையோடு எழுந்தாள். "தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்."

"இவங்கதான் நம்ம முதல் நோயாளி" என்றான் டிரெவர். "மேய்ப்பன் காப்பாத்தின முதல் உயிர். எல்லாரும் கை தட்டுங்க."

"கை தட்ட வேண்டாம். எனக்கு மாத்திரை வேணும். என் நெஞ்சுக்குள்ள ஒரு வால்வு இருக்கு, அதுக்கு..."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ஹாலிஸ் நிமிர்ந்து பார்த்தான். அவளுக்கு வார்த்தை நின்று யாரும் பார்த்ததில்லை. வாய் ஒரு பக்கமாக இறங்கியது. கோப்பை கையிலிருந்து நழுவி, காபி டிரெவரின் வெள்ளைச் சப்பாத்தில் கொட்டியது.

"உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்றான் அவன், கேமராவைப் பார்த்து.

கிரெட்சன் கவுன்ட்டர்மேல் ஏறிக் குதித்து வந்தாள். "ஸ்ட்ரோக். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கத்திக்கொண்டே ஆர்டிஸைத் தாங்கிப் பிடித்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை டிரெவர் கேக் மேஜைக்குப் பின்னால் நின்று சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மேல் அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

ஊர் ஆஸ்பத்திரியில் முதலில் உப்புத்தண்ணீர் பாட்டில் ஏற்ற வேண்டும் என்றார்கள். அலமாரி திறக்கவில்லை. உப்பில் சோடியம் இருக்கிறதல்லவா. நர்ஸ் அலமாரியைக் காலால் உதைத்தாள். பிறகு வாசலுக்கு ஓடி, நின்றுகொண்டிருந்த ஆம்புலன்ஸிலிருந்து ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஃபார்கோ.

உயிர் பிழைத்தாள். வலது கை பிழைக்கவில்லை. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது: "இல்ல." காபி வேணுமா என்றால் "இல்ல" என்பாள், கோப்பையை வாங்கிக் குடிப்பாள். ஹாலிஸ் உள்ளே வந்தால் "இல்ல" என்று முகம் மலர்வாள். வேறு வார்த்தை தேடி நாக்கு அலைவது தெரியும், கடைசியில் வந்து விழுவது அதுதான். வெள்ளிக்கிழமை பிங்கோவை இப்போது ஒரு மெஷின் கூப்பிடுகிறது.

கிரெட்சனை வேலையைவிட்டு எடுத்தார்கள். மருந்து கொடுக்காததற்காக இல்லை. திரையில் தன் கணக்கை மூடாமல் கவுன்ட்டரைவிட்டு வெளியே வந்ததற்காக.

ஃபார்கோ டாக்டர் மாத்திரையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலிஸ் வண்டியில் வெகுநேரம் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். வசந்த காலத்தில் ஃபார்கோ ஆஸ்பத்திரியும் மேய்ப்பனோடு சேரப்போகிறது, அதற்குள் அந்த அலர்ஜியை எப்படியாவது எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

ஆர்டிஸ் வீடு திரும்பிய வாரம் பரிசீலனை முடிவு வந்தது. ஹாலிஸ் போனை என்னிடம் நீட்டினான், அவனால் வாசிக்க முடியவில்லை. "வாழ்த்துகள். உங்கள் காணொளி பரிசீலிக்கப்பட்டது. மேற்படி உணவை உட்கொண்ட சில தினங்களில் நோயாளி கவலைக்கிடமான நிலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார். எனவே ஒவ்வாமை உறுதி செய்யப்படுகிறது. எங்கள் எச்சரிக்கை சரியென நிரூபிக்க உதவியமைக்கு நன்றி." மறுக்க விரும்பினால் நோயாளி தம் சொந்தக் குரலில் கூற வேண்டும் என்று கீழே ஒரு எண் இருந்தது. கணவர் பேசக் கூடாதாம். சேர்த்தவர் கணவர் என்பதை அவர்களே மறந்துவிட்டார்கள்.

குளிர்காலம் முழுக்க ஹாலிஸ் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். எதிரே உட்கார்ந்து, தன் வாயை அகலத் திறந்து, "ஆ" என்பான். "ஆமா சொல்லு, ஆர்டிஸ்." "இல்ல." "ஆ... மா." "இல்ல." வாய்விட்டுச் சிரிப்பாள் சில நாள். சில நாள் தலையணையைத் தூக்கி அடிப்பாள். மார்ச்சில் ஒருநாள் காலை ஜன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டுவதைக் காட்டி "குளிர் விட்டுடுச்சா?" என்று அவன் கேட்க, அவள் "ஆமா" என்றாள். ஹாலிஸ் காலுறையோடு பனியில் ஓடி வந்து என் கதவைத் தட்டினான். நான் போய்ச் சேர்ந்தபோது இன்னும் இரண்டு முறை சொன்னாள்.

"இப்பவே போடு" என்றேன்.

அந்த எண்ணைப் போட்டு, போனை மேஜையில் அவள் முன்னால் வைத்தான்.

"வணக்கம், திருமதி ட்வெய்ட்டன். உங்கள் பதிவிலுள்ள சோடியம் ஒவ்வாமையை நீக்க விரும்புகிறீர்களா? ஆம் அல்லது இல்லை எனக் கூறவும்."

ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாய் மெல்ல மெல்ல 'ஆ' என்று திறந்தது. வால்வு டிக் டிக்கென்று கேட்டது. ஹாலிஸும் எதிரே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இல்ல" என்றாள் ஆர்டிஸ்.

"நன்றி. உங்கள் விருப்பப்படியே ஒவ்வாமை நிரந்தரமாகப் பதிவு செய்யப்பட்டது. உங்கள் குரலைக் கேட்பதே எங்கள் பணி."

ஹாலிஸ் கையை நீட்டினான், போனை அணைக்க. அது இன்னும் முடிக்கவில்லை.

"இன்றைய சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா?"

ஆர்டிஸ் கண்ணைத் திறந்து போனைப் பார்த்தாள். ஹாலிஸின் கையை இடது கையால் தள்ளிவிட்டாள். "இல்ல" என்றாள், பிங்கோ கூப்பிடுகிற அந்தப் பழைய குரலில், தெருவுக்கே கேட்கும்படி.

"மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் கூறவும்."

"இல்ல."

"மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் கூறவும்."

அவள் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் சொன்னாள். நான் எழுந்து போய் அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். போனை நாங்கள் யாரும் அணைக்கவில்லை.